சாரலும் சீசனும்

தமிழ்நாட்டின் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பொருள் பிசகாமல் கையாளும் சொல் 'சீசன்'. மாம்பழத்துக்குச் சீசன் உண்டு; கல்யாணத்துக்குச் சீசன் உண்டு; நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் சென்று திரும்புவோர் கையில் சீசன் டிக்கெட் உண்டு; சென்னையின் சபாக்களுக்கு டிசம்பர் சீசன் உண்டு. இவற்றிலெல்லாம் எதன் சீசன் என்பதைச் சொல்லும் அடைமொழி ஒன்று முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அடைமொழி ஏதுமின்றி, 'சீசன் ஆரம்பித்துவிட்டதா?' என்று மட்டும் கேட்டாலே பொருள் விளங்கிவிடும் இடங்கள் தமிழ்நாட்டில் சிலவே. அவற்றுள் முதன்மையானது தென்காசி வட்டாரம். பண்பொழி, மேக்கரை, வடகரை, செங்கோட்டை, இலஞ்சி, குற்றாலம் என மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி அமைந்த இவ்வூர்களில் சீசன் என்றால் தூறல் விழுந்து, காற்று குளிர்ந்து, அருவிகளில் தண்ணீர் விழும் காலம் என்பதைத் தவிர வேறு பொருள் எவருக்கும் முதலில் தோன்றுவதில்லை.

இதற்கான காரணம் நில அமைப்பில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, மலைத்தொடரின் மேற்குச் சரிவில் பெருமழையாகக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது ஈரம் வற்றிப்போவதால், தமிழ்நாட்டின் பெரும்பகுதி அந்த மாதங்களில் மழைமறைவுப் பகுதியாக, அதாவது மலை குறுக்கே நிற்பதால் மழையை இழக்கும் நிலமாக, ஆகிவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கேயோ மலைத்தொடர் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாகத் திறந்திருப்பதால், அவ்வழியே நுழையும் காற்று மேகத்தின் ஒரு பகுதியை உடன்கொண்டு வந்து அடிவார ஊர்களின் மேல் மெல்லிய தூறலாகத் தூவிச் செல்கிறது. மலைக்காட்டுக்குள் பெய்த மழையோ ஓடைகளிலும் சிற்றாற்றிலும் சேர்ந்து பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் பழைய குற்றாலத்து அருவியாகவும் இறங்குகிறது. பேரருவியின் நீர் நேரே தரையில் மோதாமல், இடையில் பொங்குமாங்கடல் எனப்படும் ஆழமான பாறைக்குழியில் விழுந்து வேகம் தணிந்த பிறகே கீழே வழிவதால்தான் மக்கள் அதன் அடியில் நின்று குளிக்க முடிகிறது. மதுரையும் திருநெல்வேலியும் வெயிலில் காயும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தச் சிறு நிலப்பரப்பு மட்டும் குளிர்ந்து கிடப்பதே சீசன் என்ற சொல் இங்கே தனிப்பொருள் பெற்றதற்கு அடிப்படை.

இந்த வட்டாரத்தில் அச்சொல் வாக்கியத்தில் நடந்துகொள்ளும் முறையும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ஒரு காலப்பகுதியின் பெயர். நாட்காட்டியில் தொடங்கி நாட்காட்டியில் முடிவது. தென்காசியிலோ சீசன் வரும், தள்ளிப்போகும், களைகட்டும், டல்லடிக்கும், சில ஆண்டுகளில் ஏமாற்றியும் விடும். ஜூன் மாதம் பிறந்த பின்னும் 'இன்னும் சீசன் வரவில்லை' என்று சொல்லலாம். அக்டோபரில் திடீரென அருவி பெருகினால் 'சீசன் மாதிரி இருக்கிறது' என்றும் சொல்லலாம். காலத்தைக் குறித்த சொல் இவ்வாறு காலத்திலிருந்து பிரிந்து, தண்ணீர், காற்று, கூட்டம் ஆகிய மூன்றும் ஒருசேர இருக்கும் நிலையைக் குறிக்கத் தொடங்கியிருப்பது அடிவாரத்து மக்கள் அச்சொல்லுக்குச் செய்த சொந்தப் பங்களிப்பு. கடன் வாங்கிய சொல்லைத் தன் மண்ணுக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளும் ஆற்றல் பேச்சுமொழிக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

சொல்லின் பிறப்பும் வயலில்தான். இலத்தீன் மொழியில் விதைத்தலைக் குறித்த 'சதியோ' என்ற சொல், பழைய பிரெஞ்சு மொழியில் விதைப்புக்கு உரிய காலம் என்று பொருள் விரிந்து, அங்கிருந்து இடைக்கால ஆங்கிலத்துக்குச் சென்றபோது ஆண்டின் நான்கு பருவங்களுள் ஒன்று என்ற பொருளையும், எதையேனும் செய்வதற்கு ஏற்ற வேளை என்ற பொருளையும் ஒருங்கே பெற்றது. தமிழ் உழவரிடம் இதற்கு மிக நெருங்கிய சொல் ஒன்று முன்பிருந்தே உண்டு, அது 'பட்டம்'. ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம் என்று விதைப்புக்கு உகந்த காலத்தை மாதப் பெயரோடு சேர்த்துச் சொல்லும் அந்த வழக்கில் இலத்தீன் மூலச்சொல்லின் பொருள் அப்படியே இருக்கிறது. ஆயினும் 'சீசன்' தமிழுக்கு வந்தது வயல் வழியாக அன்று. ஆட்சியாளரின் ஓய்வு வழியாகவும், ரயில் வழியாகவும், சந்தை வழியாகவும் வந்தது.

ஓய்வின் வழியை முதலில் பார்க்கலாம். இங்கிலாந்தில் நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் நிலப்பிரபுக்களின் குடும்பங்கள் நாட்டுப்புற மாளிகைகளை விட்டு இலண்டனுக்கு வந்து விருந்துகளிலும் நாடகங்களிலும் பொழுதைக் கழித்த வழக்கத்துக்கு 'சீசன்' என்றே பெயர். அதே பெயரை இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆங்கிலேயர், சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி மலைவாழிடங்களில் கூடிய மாதங்களுக்கு அதைச் சூட்டினர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசே கோடையில் உதகமண்டலத்துக்கு இடம்பெயர்ந்தபோது 'ஊட்டி சீசன்' நிலைபெற்றது. திருநெல்வேலிச் சீமையின் அதிகாரிகள் தம் பங்குக்குக் குற்றாலத்தை நாடினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் அங்கே ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்கள் போடப்பட்டதும், கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத அவ்வூர் உடல்நலம் தேறும் இடமாக வெள்ளையரிடையே பெயர் பெற்றதும் இந்தத் தொடர்பின் விளைவுகள். இலங்கையில் நுவரெலியாவுக்கு ஏப்ரல் மாதம் சீசனாக இன்றும் இருப்பது இதே ஆட்சி மரபின் மற்றொரு கிளை.

உதகையின் சீசனும் குற்றாலத்தின் சீசனும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை ஆழ்ந்து நோக்க வேண்டும். உதகையில் சீசன் என்பது ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட, தெளிந்த வானம். மலர்க்காட்சி நடக்கும் காலம். ஜூன் மழை தொடங்கினால் சீசன் முடிந்தது என்று பொருள். மழை ஓய்ந்து மீண்டும் பயணிகள் வரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை அங்கே இரண்டாவது சீசன் என்பார்கள். குற்றாலத்தில் அந்த ஜூன் மழையோடுதான் சீசன் தொடங்குகிறது. ஆக, தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்த ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் மழையற்ற காலத்தையும் மற்றோரிடத்தில் மழைக் காலத்தையும் குறிக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது வானிலை அன்று, வந்து கூடும் மனிதர்கள். தமிழில் சீசன் என்பதன் மையப்பொருளும் அதுவே: கூட்டமும் வியாபாரமும் பெருகும் காலம்.

இந்த மையப்பொருளை வைத்துப் பார்த்தால் மற்ற வழக்குகள் எளிதில் விளங்கும். கார்த்திகை முதல் தேதியில் தொடங்கித் தை மாத மகரவிளக்கு வரை நீளும் சபரிமலை யாத்திரைக் காலம் 'ஐயப்ப சீசன்' எனப்படுகிறது. செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக்கும் அச்சன்கோவிலுக்கும் செல்லும் பக்தர்கள் குற்றாலத்தில் நீராடிச் செல்வதால், சாரல் ஓய்ந்த ஊருக்கு ஆண்டின் இரண்டாவது சீசன் அவர்களால் வாய்க்கிறது. திருமலைக் குமாரசுவாமி கோயிலின் குன்று நிற்கும் பண்பொழியும் அந்தப் போக்குவரத்தின் பாதையை ஒட்டியே இருக்கிறது. சென்னையில் 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாடும், அதன் தொடர்ச்சியாக 1928-ல் தோன்றிய மியூசிக் அகாடமியும் மார்கழிக் கச்சேரிகளை ஒரு 'சீசன்' ஆக்கின. கணவாய்க் காற்றை நம்பித் தென்காசியின் கிழக்கே சமவெளிகளில் நிற்கும் காற்றாலைகளுக்கு ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை சீசன். அருவிக்கு நீரும் காற்றாலைக்கு மின்சாரமும் தருவது ஒரே பருவக்காற்றுதான் என்பது எண்ணி மகிழத்தக்க உண்மை. விளையாட்டுப் போட்டித் தொடர்களிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் வரும் 'சீசன்', நாடக அரங்குகள் ஆண்டின் சில மாதங்கள் மட்டும் திறந்திருந்த மேலைநாட்டு வழக்கத்திலிருந்து நீண்டு வந்தது. அதற்கும் இயற்கைக்கும் இன்று தொடர்பில்லை.

சீசன் டிக்கெட் சற்று வேறுபட்டது. ஒரு காலப்பகுதி முழுவதற்கும் செல்லுபடியாகும் அனுமதிச்சீட்டு என்ற பொருளில் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ரயில் நிறுவனங்கள் பயன்படுத்திய பெயர் அது. இந்திய ரயில்வே இன்று ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு எனப் பல கால அளவுகளுக்கு அதை வழங்குகிறது. ஆண்டு முழுவதும் செல்லும் சீட்டுக்குப் பருவத்தின் பெயர் எப்படிப் பொருந்தும் என்று வியக்க இடமிருந்தாலும், 'குறித்த காலம்' என்ற பொருளே அங்கே எஞ்சியிருக்கிறது என்று கொண்டால் முரண் தீர்ந்துவிடும்.

ஆங்கிலச் சொல்லின் மற்றொரு கிளை இன்னும் சுவையானது. பருவம் பழத்தைக் கனியவைக்கிறது என்ற எண்ணத்திலிருந்து, பிரெஞ்சு மொழியில் 'கனியவைத்தல்' என்ற வினை பிறந்து, அது உணவுக்கு உப்பும் மசாலாவும் சேர்த்துச் சுவை கூட்டுவதைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் அதே வினை அறுத்த மரத்தை உலர்த்திப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக்குவதையும், புதிய இரும்புச் சட்டியில் எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்குவதையும், நீண்ட அனுபவத்தால் தேர்ந்த மனிதரையும் குறிக்கிறது. இவற்றுள் தமிழ் எடுத்துக்கொண்டது எது என்று பார்த்தால் மொழியின் தேர்வு தெரியவரும். மரத்தொழிலில் மட்டும் சொல் ஒட்டிக்கொண்டது. செங்கோட்டைப் பகுதியின் மர அறுவை ஆலைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் 'சீசன் பண்ணின மரம்' என்பது தெரிந்த தொடர். வெட்டிய பச்சை மரத்தில் நீர் மிகுதியாக இருப்பதால், அதை உடனே இழைத்துக் கதவு, நிலை செய்தால் பின்னர் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, வெடிப்பு விடும். ஆகவே நிழலில் காற்றோட்டமாக அடுக்கியோ சூடேற்றிய அறையில் வைத்தோ ஈரத்தைப் படிப்படியாகக் குறைத்த பிறகே தச்சர் உளியை எடுப்பார். சாரல் காற்று ஓயாமல் வீசும் ஊரில் மரத்தின் ஈரம் தனிக் கவனத்துக்கு உரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சமையலறையிலோ தமிழ் அச்சொல்லை வாசலிலேயே நிறுத்திவிட்டது. தாளிப்பு இருக்கும்போது, பதம் இருக்கும்போது, தோசைக்கல்லைப் 'பழக்குதல்' என்ற அழகான வினை இருக்கும்போது கடன் எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாகப் 'பக்குவம்' இருக்கிறது. சமைத்தது, பழுத்தது எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்து தமிழில் முழுமையாக வேரூன்றிய இச்சொல், ஊறுகாயின் செய்முறைக்கும், பழத்தின் கனிவுக்கும், பெண்ணின் பூப்புக்கும், வாழ்வில் அடிபட்டுத் தெளிந்த மனிதரின் நிதானத்துக்கும் ஒருங்கே பொருந்துகிறது. இலத்தீனில் விதைப்பில் தொடங்கிய சொல்லும் வடமொழியில் சமையலில் தொடங்கிய சொல்லும், ஒன்றையொன்று அறியாமல் நடந்து, கனிதல் என்ற ஒரே பொருளில் வந்து சந்தித்திருக்கின்றன. மனிதர் எம்மொழி பேசினாலும் காலத்தையும் கனிவையும் பிரித்துப் பார்த்ததில்லை என்பதையே இது காட்டுகிறது.

இனி, சீசன் வந்தபின் பின்னுக்குத் தள்ளப்பட்ட சொற்களைப் பற்றிப் பேச வேண்டும். இக்கட்டுரையின் கவலை அங்கேதான் இருக்கிறது.

முதற்சொல் சாரல். மலையைச் சார்ந்த சரிவு என்பது அதன் பழம்பொருள்; காற்றால் சாய்ந்து வந்து படும் தூறல் என்பது இன்று பரவலான பொருள். மலைச்சரிவும் சாய்தூறலும் ஓரிடத்தில் கூடும் குற்றாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் அங்கே நடத்தும் விழாவுக்குச் 'சாரல் திருவிழா' என்று பெயரிட்டிருப்பது அதனால் பாராட்டுக்குரியது. சாரலும் மழையும் ஒன்றல்ல என்பதை அடிவாரத்தார் அறிவர். மழை நிலத்தை நனைக்கும். சாரல் காற்றைக் குளிர்வித்து, சட்டையை ஈரமாக்கி, நிலம் நனையுமுன் வெயிலுக்கு வழிவிட்டுவிடும். 'சீசன் நன்றாக இருக்கிறது' என்ற ஒற்றைத் தொடர் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

அடுத்தவை கார், பிசானம் என்ற இரண்டும். தாமிரபரணி, சிற்றாற்றுப் பாசனப் பகுதிகளில் ஜூன் மாத வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெற்பயிர்க் காலம் கார். வடகிழக்குப் பருவமழையை நம்பி அக்டோபர் வாக்கில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடைக்கு வரும் காலம் பிசானம். அணைகளில் நீர் திறப்பது பற்றிய அரசு அறிவிப்புகளில் இவ்விரு பெயர்களும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பண்பொழிக்கு அருகே மேக்கரையில் 132 அடி உயர அடவிநயினார் அணையும், செங்கோட்டைக்கு மேற்கே 36 அடி கொண்ட குண்டாறு அணையும் நிரம்பும் செய்தி, அருவியில் குளிக்க வருபவருக்குச் சீசன் செய்தி. அடிவாரத்து உழவருக்கோ அது கார் நடவின் செய்தி. குற்றாலத்திலிருந்து இறங்கும் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரிப் பகுதியே முக்கூடற்பள்ளு என்ற சிற்றிலக்கியம் பாடும் முக்கூடல். உழவுத்தொழிலைப் பொருளாகக் கொண்ட பள்ளு நூல்கள் மழைக்குறிகளையும் ஆற்று வெள்ளத்தையும் நெல்வகைகளையும் விரித்துப் பேசுவது வழக்கம் என்பதை நினைத்தால், பருவத்தைப் பற்றிய சொல்வளம் இந்த ஆற்றுப்படுகையில் எவ்வளவு செழித்திருந்தது என்பது புலனாகும்.

இலக்கண நூல்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக, அதாவது இரண்டிரண்டு மாதங்கள் கொண்ட பருவங்களாக, பிரித்தன: ஆவணி, புரட்டாசி கார், ஐப்பசி, கார்த்திகை கூதிர், பின்னர் முன்பனி, பின்பனி, இளவேனில், இறுதியாக ஆனி, ஆடி முதுவேனில். இந்தப் பகுப்பின்படி குற்றாலச் சீசனின் உச்சமான ஆனியும் ஆடியும் கடுங்கோடையில் அடங்குகின்றன. தமிழ்நிலத்தின் பெரும்பகுதிக்கு அது சரியான கணக்கு; அந்த மாதங்களில் மதுரையில் வெயில்தான் காய்கிறது. கணவாயின் வாயில் அமைந்த ஒரு சிறு பகுதி மட்டும் பொதுவிதிக்கு விலக்காக நிற்கிறது. ஏட்டிலுள்ள பெயர் இங்கே பொருந்தாமற்போனதும், சீசன் என்ற வெளிச்சொல் எளிதாக இடம்பிடிக்க உதவிய காரணங்களுள் ஒன்றாக இருந்திருக்கலாம். வானிலை ஆய்வாளர் சொல்லும் 'மான்சூன்' என்ற ஆங்கிலச் சொல்கூட, காலம், பருவம் என்று பொருள்படும் அரபுச் சொல்லான 'மவ்சிம்' என்பதிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் பிறந்தது. அரபிக்கடலில் காற்றின் திசையை நம்பிப் பாய்மரக் கப்பல் செலுத்தியவர்களின் சொல் அது. அவ்வகையில் 'பருவமழை' என்ற தமிழாக்கம் மூலத்தின் பொருளை முழுமையாகக் காப்பாற்றியிருக்கிறது.

சீசன் என்ற சொல்லை முற்றாக விலக்க வேண்டும் என்பது இங்கே வாதமன்று. அது கூட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் உரிய சொல். விடுதி வாடகை, வாகன நிறுத்தக் குத்தகை, மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் தற்காலிகக் கடைகள், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளரின் சில மாத வருமானம் ஆகியவற்றைப் பேசும்போது சீசன் என்றே சொல்லலாம். இடர் எங்கே வருகிறதென்றால், மனிதர் வகுத்த அந்தக் கால எல்லைக்குள் இயற்கையும் அடங்கி நடக்கும் என்று பயணிகள் நம்பிவிடும்போது வருகிறது. 2024 மே 17-ஆம் தேதி, சீசன் தொடங்குவதற்கு முன்பே, கோடைமழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். மலைக்குள் எங்கோ பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அருவியில் நீர் கலங்கி நிறம் மாறுவதும் ஓசை கூடுவதும் காட்டுக்குள் மழை பெய்கிறது என்பதற்கான அடையாளங்கள். சீசன் என்ற சொல்லை மட்டும் அறிந்து வருபவருக்கு இந்த அடையாளங்களைச் சொல்லித்தர ஆள் தேவைப்படுகிறது.

எனவே செய்தித்தாள்களும் சுற்றுலாத் துறையும் பாடநூல் எழுதுவோரும் ஒரு சிறு மாற்றத்தை மேற்கொண்டால் போதும். தூறலைச் சாரல் என்றும், பயிர்க்காலத்தைக் கார், பிசானம் என்றும், வெள்ளத்தை வெள்ளம் என்றும் அந்தந்தப் பெயரால் எழுதிவிட்டு, பயணிகள் கூடும் காலத்துக்கு மட்டும் சீசன் என்ற சொல்லை ஒதுக்க வேண்டும். தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. தன் மாவட்டத்தின் அணைகளையும் ஆறுகளையும் பயிர்ப்பருவங்களையும் அவற்றின் சொந்தப் பெயர்களோடு அறிந்துகொள்ள அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. அந்தப் பெயர்களைச் சொல்லித்தரக்கூடிய உழவர்கள் பண்பொழியிலும் வடகரையிலும் இன்றும் கார் நடுகிறார்கள். ஆசிரியர்கள் அவர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.